கட்டிய கண்ணும் கட்டாத விரலும்

வீரையடிக்குளத்துக் கமக்காரர் அமைப்பின் தலைவர் மயில்வாகனம் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று நெடுங்கேணிச் சந்தைவரை பெயர் வாங்கியிருந்தார். அது முழு உண்மை அல்ல. அவருக்கும் பொய் சொல்லத் தெரியும். ஐம்பத்தெட்டு வயதுவரை அதற்குத் தேவை வரவில்லை, அவ்வளவுதான். அந்தத் தேவையைக் கொண்டுவந்து கொடுத்தது விஞ்ஞானம்.

விஞ்ஞானம் ஸ்கூட்டியில் வந்தது. அவருடைய தங்கையின் மகள் தேனுகா, வவுனியாக் கம்பஸில் விவசாயம் படித்து முடித்து, அதற்கு மேலும் படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இல்லாத மயில்வாகனத்துக்கும் மனைவி கமலாசனிக்கும் அவள் மருமகள் முறை என்பது பேச்சுக்குத்தான். வீட்டில் அவள்தான் மகள். அவள் வரும் நாளில் கமலாசனி இரண்டு கறி கூடுதலாக வைப்பாள். மயில்வாகனம் தோய்த்த சேட் மாற்றுவார்.

இந்த முறை அவள் பத்துப் போத்தல்களோடு வந்தாள். உள்ளே வெள்ளையாக ஒரு திரவம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் அதற்குள் இருக்கின்றனவாம். விதைநெல்லில் பிசைந்து விதைத்தால் யூரியாவில் பாதி போதுமாம். பார்வைக்கு மோர் மாதிரி இருந்ததால் ஊர் அதற்குத் ‘தேனுகாவின்ர மோர்’ என்று பெயர் வைத்துவிட்டது. மோர் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று மாரி மழையோடு விதைக்கும் காலபோகத்தில் பன்னிரண்டு வயல்களில் பார்க்க வேண்டும். ஆறு வயலுக்கு மோர், ஆறு வயலுக்கு வழமையான பசளை. அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மோர் வென்றால் அவளுக்குப் பட்டம் என்று மயில்வாகனம் விளங்கிக்கொண்டார். தோற்றால் என்ன ஆகும் என்று கேட்க அவருக்குப் பயமாக இருந்தது, ஆகவே கேட்கவில்லை.

மாமாவுக்கும் மருமகளுக்கும் ஒரேயொரு விடயத்தில்தான் ஒத்துவராது. குளக்கட்டில் வீரைமரத்தின் கீழே இருக்கும் பிள்ளையாருக்கு மயில்வாகனம் இருபது வருடமாக விளக்கேற்றி வருகிறார். தேனுகா அந்த வழியால் போகும்போது ஸ்கூட்டியைக்கூட மெதுவாக்க மாட்டாள்.

“பிள்ளையார் பாத்துக்கொண்டிருக்கிறார், பிள்ளை,” என்பார் மயில்வாகனம்.

“அவர் பாக்கட்டும், மாமா. நான் அளந்து பாக்கிறன்.”

கமக்காரர் கூட்டம் வீரைமரத்தடியில் கூடியது. எந்த ஆறு வயலுக்கு மோர் என்று கணினி குலுக்கல் போல எழுந்தமானமாகத் தெரிவுசெய்த ஒரு தாளைத் தேனுகா எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாவது பெயரிலேயே செல்வராசா எழும்பிவிட்டார். கடைவாய்க்காலில் நாலு ஏக்கர் செய்கிறவர். தாய் தகப்பன் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். காணி பிரித்தபோது குளத்து மதகுக்குக் கிட்ட இருந்த துருசடிக் காணியெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்குப் போக, வாய்க்கால் முடிகிற இடத்தில்தான் அவர்களுக்கு விழுந்தது. அந்த விழுகை தற்செயல் என்று செல்வராசா ஒருநாளும் நம்பியதில்லை.

“மிஸ், அந்தக் கம்பியூட்டர் யாரோடது?”

“கம்பஸின்ரது, அண்ணை.”

“அப்ப கவர்மெண்டு கந்தோர் மாதிரித்தான். கந்தோர் தாள்ல வர்ற நல்லதெல்லாம் துருசடிக்குத்தான் போகும். எங்களுக்குத் தாளு வேணாங்க. பூப்போட்டுப் பாப்பம்.”

கூட்டம் தலையாட்டியது. குளத்தில் தண்ணீர் குறைந்த வருடங்களில் எந்த வாய்க்காலுக்கு முதலில் திறப்பது என்ற சண்டையை அவர்கள் அப்படித்தான் தீர்ப்பார்கள். செவ்வரத்தம்பூவையும் நந்தியாவட்டையையும் தனித்தனியாகப் பூவரசம் இலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, செம்பில் போட்டுப் பிள்ளையார் முன் வைப்பார்கள். தலைவர் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு பொட்டலமாக எடுப்பார். சிவப்பு என்றால் உண்டு, வெள்ளை என்றால் இல்லை. அதற்குப் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை.

மருமகள் கோபிப்பாள் என்று மயில்வாகனம் நினைத்தார். அவளோ கணினித் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள்.

“நல்லது. பூவே போடுவம்.”

“பிள்ளை, நீ சாமி இல்லையெண்டுற ஆள்.”

“மாமா, இதிலை ஆற்றையும் விருப்பம் கலக்கக்கூடாது. என்ர விருப்பம், உங்கட விருப்பம், ஒண்டும். எனக்கு அதுதான் வேணும். தாளெண்டால் என்ன, பூவெண்டால் என்ன?”

“அப்ப பிள்ளையாற்றை விருப்பம்?”

“அவற்றை விருப்பம் கலந்தால் பரவாயில்லை. அவருக்கு இந்தக் குளத்துக்குக் கீழை சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லைத்தானே.”

எல்லோரும் சிரித்தார்கள். செல்வராசாதான் கூடச் சிரித்தார்.

மயில்வாகனமும் சிரித்தார், ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் பன்னிரண்டு வயலையும் ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அந்தக் குளத்தின் கீழிருக்கும் ஒவ்வொரு வயலையும் அவருக்குத் தெரியும். எது உவர், எது கல்லு, எதில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், எதன் மூலையில் பன்றி கிண்டும் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவார். தேனுகாவின் வரைபடத்தில் பன்னிரண்டும் ஒரே பச்சையாக இருந்தன. மோர் போய் உவர் வயலில் விழுந்தால்? பாவம், அதுவும் என்ன செய்யும்? பிள்ளை மூன்று வருடம் கண்முழித்துப் படித்தது ஒரு செவ்வரத்தம்பூவால் வீணாகிவிடுமே!

மறுநாள் காலை குளித்துவிட்டுப் பூக்கட்ட உட்கார்ந்தபோது, சிவப்புப் பூ உள்ள ஆறு பொட்டலங்களுக்கும் அவருடைய விரல்கள் இரட்டை முடிச்சுப் போட்டன. விரல்கள்தான் போட்டன என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

குளக்கட்டில் தேனுகா தானே வந்து அவர் கண்ணைக் கட்டினாள். ஒரு தரம் கட்டி, விரலை ஆட்டிக் காட்டி, திருப்தி இல்லாமல் துணியை இரண்டாக மடித்து மறுபடியும் இறுக்கிக் கட்டினாள். “ஆராய்ச்சியெண்டால் இப்பிடித்தான், மாமா, குறை நினையாதேங்கோ,” என்றாள். கண்ணைத்தான் கட்டினாள். விரலைக் கட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அவள் மாமாவை அப்படி நினைத்தவள் அல்ல.

மயில்வாகனம் வேலையை நறுவிசாகச் செய்தார். துருசடியில் நல்ல வயல் நாலுக்குச் சிவப்பு. யாரும் சந்தேகப்படாமல் இருக்கக் கடைவாய்க்காலில் இரண்டுக்கு. அந்த இரண்டிலும் கிணறு இருந்தது. தன்னுடைய வயல் சுமாரான வயல் என்பதால் அதற்கு வெள்ளையை எடுத்தார். அப்படி எடுத்தபோது தான் பெரிய தியாகம் செய்வதாகக்கூட அவருக்கு இருந்தது.

செல்வராசாவின் பெயர் வந்தபோது ஒற்றை முடிச்சு வெளியே வந்தது. வெள்ளை. செல்வராசா நந்தியாவட்டையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “சாமி சொன்னாச் சரிதாங்க,” என்றார். துணிக்குப் பின்னாலிருந்த மயில்வாகனத்துக்கு அவர் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. அதுவே போதுமாக இருந்தது.

மழை அந்த முறை நேரத்துக்குப் பெய்தது. யானை ஒருமுறைதான் வந்தது, அதுவும் யாருடைய வரம்பையும் உடைக்காமல் நல்ல பிள்ளை மாதிரி திரும்பிப் போனது. தை மாதக் கடைசியில் தேனுகா ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தையும் தராசையும் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு வயலிலும் இறங்கி, அறுத்து, உலர்த்தி, நிறுத்தாள். மோர் போட்ட வயல்களில் விளைச்சல் கொட்டியிருந்தது. ஏக்கருக்கு ஏழு மூட்டை வித்தியாசம். அதுவும் பாதி யூரியாவில்!

ஊரே அவளைக் கொண்டாடியது. கமலாசனி அயலுக்கெல்லாம் பயற்றம் பணியாரம் கொடுத்தாள். மயில்வாகனம் மட்டும் பணியாரத்தை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் மென்றார். அவருக்குப் பிள்ளையாருக்கு முன்னால் நிற்க முடியாமல் இருந்தது. விளக்கைப் பக்கவாட்டில் நின்று ஏற்றிவிட்டு வந்தார். போகட்டும், பிள்ளையார் பெரிய மனது உள்ளவர், பிள்ளையின் படிப்பு விடயம் என்று மன்னித்துவிடுவார் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அந்தக் கணக்கைச் செல்வராசா வந்து குழப்பினார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

“தலைவரையா, அடுத்த போகத்துக்கு நாலு ஏக்கருக்கும் மோருதான். யூரியாவ நேராப் பாதியாக் குறைச்சிடுறேன். கடைவாய்க்கால் ஆளுக எல்லாருமே அப்பிடித்தான் முடிவெடுத்திருக்கோம்.”

“கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமே, செல்வராசா.”

“எதுக்குங்க பொறுக்கணும்? மிஸ்ஸோட கணக்கு, சாமியோட பூ. ரெண்டுலயும் பிழை வருமா?”

அவர் போன பிறகு மயில்வாகனம் கதிரையிலேயே இருந்தார். செல்வராசாவினது போன்ற உவர் வயலில் மோர் என்ன செய்யும் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது. பார்க்கவிடாமல் செய்தது அவர்தான். பாதிப் பசளையில் கடைவாய்க்கால் முழுக்கக் கருகிப் போனால், செல்வராசா அப்போதும் “சாமி சொன்னாச் சரிதாங்க” என்றுதான் சொல்லுவார்.

உள்ளே குசினி மேசையில் தேனுகா மடிக்கணினியோடு இருந்தாள். வெள்ளிக்கிழமை கம்பஸில் ஆய்வைக் கொடுக்க வேண்டும். கமலாசனி பக்கத்திலிருந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“மாமா, வாங்கோ. நன்றியுரை எழுதிட்டன், கேளுங்கோ.” அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். “வயல்களைத் தெரிவுசெய்வதில் எவருக்கும் பக்கம் சாயாது உதவிய வீரையடிக்குளக்கட்டுப் பிள்ளையாருக்கு என் முதல் நன்றி.” வாசித்துவிட்டுச் சிரித்தாள். “பேராசிரியை பேசுவா. பேசட்டும். உண்மையிலேயே அவர்தானே செய்தவர்.”

“பிள்ளையார் செய்யேல்லை,” என்றார் மயில்வாகனம்.

“ஆ?”

“நான்தான் செய்தனான்.”

நின்றபடியே சொல்லி முடித்தார். இரட்டை முடிச்சு, துருசடியில் நல்ல வயல் நாலு, கிணறு உள்ள இரண்டு எல்லாவற்றையும் சொன்னார். கமலாசனியின் கத்தி கத்தரிக்காயில் பாதியில் நின்றது.

தேனுகா மடிக்கணினியை மூடினாள். முகம் வெளிறிப்போய்ப் பிறகு சிவந்தது.

“ஏன் மாமா?”

“மோர் தோத்தால் உனக்குப் பட்டம் கிடையாதெண்டு...”

“ஆர் சொன்னது? தோத்தால் தோத்ததெண்டு எழுதிக் குடுத்தாலும் பட்டம் தருவினம். பொய்யெண்டால்தான் தராயினம்!”

மயில்வாகனம் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். இதைக் கேட்டிருக்கலாம், போத்தலோடு வந்த முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

“எனக்கு விளங்காத ஒண்டைச் சொல்லுங்கோ,” என்றாள் தேனுகா. “பிள்ளையார் சரியானதைத்தான் தருவாரெண்டு இருபது வருசமாய்ச் சொல்லுறியள். அப்ப ஏன் அவற்றை கையிலை விடேல்லை?”

“பயம், பிள்ளை.”

“அப்ப நீங்கள் அவரை நம்பேல்லை. நான்தான் நம்பியிருக்கிறன். அவர் இல்லையெண்டு சொல்லுற நான், அவற்றை பூவிலை என்ர மூண்டு வருசத்தையும் வைச்சனான்!”

மயில்வாகனத்தின் நெற்றியில் மூன்று குறி விபூதி பளிச்சென்று இருந்தது. தேனுகாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. கமலாசனி அந்த இரண்டு நெற்றியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, அவள் சொல்லுறது சரி.”

தேனுகா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டுப் பேராசிரியைக்குத் தொலைபேசி எடுத்து, அடுத்து வரும் சிறுபோகத்தில் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும், ஆறு மாதம் தவணை தாருங்கள் என்று கேட்டாள். காரணத்தை ஒளிக்காமல் சொன்னாள். மறுபக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் குசினி வரைக்கும் கேட்டது. தவணை கிடைத்தது.

மயில்வாகனத்துக்குத் தவணை கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பிள்ளையாருக்கு முன்னால் நேராக நின்று எல்லோருக்கும் சொன்னார். சிலர் திட்டினார்கள். இது சாமிக்குச் செய்த குற்றமா, படிப்புக்குச் செய்த குற்றமா என்று இரண்டு பேர் தனியாக வாதாடத் தொடங்கினார்கள். துருசடிக்காரர் ஒருவர், விளைந்த நெல் விளைந்ததுதானே, இதைக் கிளறுவானேன் என்றார். செல்வராசா கடைசியாகத்தான் எழும்பினார்.

“அந்த வெள்ளப் பூவ நான் வீட்டுல சாமி படத்துல சொருகி வச்சிருக்கேன், ஐயா. காஞ்சு போயும் எடுக்கல. சாமி குடுத்ததுன்னு. இப்ப சொல்லுங்க, அது யாரு குடுத்தது?”

“நான்தான், செல்வராசா.”

“எங்க அப்பாவுக்குக் கடைவாய்க்கால் குடுத்தவனும் ஒங்க மாதிரித்தான். ஆனா அவன் ஒத்துக்கல்ல.” செல்வராசா மூச்சை இழுத்து விட்டார். “நீங்க ஒத்துக்கிட்டீங்க. இருங்க, தலைவராவே இருங்க. கந்தோருக்குக் கடுதாசி கொண்டு அலையிறதுக்கு எங்களுக்கு வேற ஆளு இல்ல. பூவு மட்டும் இனி நீங்க கட்ட வேணாம்.”

“அப்ப ஆர் கட்டுறது?” என்று யாரோ கேட்டார்கள்.

“மிஸ்தான் கட்டணும்.”

கூட்டத்தில் சலசலப்பு. சாமி இல்லை என்கிற பிள்ளையா பிள்ளையாருக்குப் பூக்கட்டுவது என்றார் ஒருவர்.

“சாமி இல்லேன்னு சொல்ற புள்ள சாமியோட வேலையில கை வைக்கல,” என்றார் செல்வராசா. “சாமி இருக்குன்னு சொல்றவங்கதான் கை வச்சீங்க. நான் யாரைங்க நம்புறது?”

தேனுகாவே கட்டட்டும் என்று மயில்வாகனம்தான் முதலில் கையை உயர்த்தினார்.

சித்திரையில் பூக்கட்டும் காலை வந்தது. கமலாசனி மருமகளிடம் தலை தோய்ந்துவிட்டுத்தான் பூவைத் தொட வேண்டும் என்றாள். “குளிக்கிறது நல்லதுதானே, மாமி,” என்று தேனுகா தோய்ந்துவிட்டு வந்தாள். குளக்கட்டில் பாய் விரித்து, எல்லோரும் பார்க்க உட்கார்ந்தாள். பூவரசம் இலைகளை அடிமட்டம் வைத்து ஒரே அளவாக வெட்டினாள். நாரை ஒரே நீளத்தில் நறுக்கினாள். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரே ஒரு முடிச்சு. கட்டிய பிறகு கைப்பையிலிருந்து சின்ன மின் தராசை எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்தாள். நந்தியாவட்டை பாரம் குறைவாக இருந்தால் அவிழ்த்து இன்னொரு பூவைச் சேர்த்தாள். செவ்வரத்தை கூடிப்போனால் காம்பைக் கிள்ளினாள். வெயில் ஏறியது. வியர்வை மூக்கு நுனியில் நின்றது. அதைத் துடைக்கக்கூட அவள் நிமிரவில்லை.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை விட்டார்கள். கடையில் விட்டுவந்த சைக்கிளை மறந்தவர்களும் உண்டு.

“இவ்வளவு பக்தியா ஒருத்தரும் பூக் கட்டி நான் பாத்ததில்ல,” என்று செல்வராசா மெதுவாகச் சொன்னார். தேனுகாவுக்கு அது கேட்டது. மறுத்துச் சொல்ல வாய் திறந்தாள், ஆனால் தராசில் எண் ஆடிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டாள்.

இந்த முறை அவரவர் பொட்டலத்தை அவரவரே எடுத்தார்கள். செல்வராசாவுக்குச் சிவப்பு விழுந்தது. அவர் பக்கத்து உவர் வயலுக்கும் சிவப்பு. கல்லு வயலுக்குச் சிவப்பு. தண்ணீர் நிற்காத வயலுக்கும் சிவப்பு. மயில்வாகனம் எடுத்தார், மறுபடியும் வெள்ளை. ஆறு சிவப்பில் நாலு, பன்னிரண்டிலும் மோசமான நாலு வயலுக்குப் போய்விட்டன.

அவர் மெல்ல நகர்ந்து மருமகளின் காதடிக்குப் போனார். அவள் கொப்பியில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, சரியில்லாத வயலெல்லாம் உனக்கு வந்திட்டுது. மோர் தோத்துப்போகும்.”

“போகலாம்.”

“இன்னொருக்கால் போட்டுப் பாக்கேலாதோ?”

தேனுகா நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, கண்ணில் சிரிப்புத்தான் இருந்தது.

“விழுந்தது விழுந்ததுதான், மாமா. நான் மாத்தமாட்டன். நீங்கள் மாத்தப்போறியளோ?”

மயில்வாகனத்துக்கு முதலில் வெட்கம் வந்தது. பிறகு அவரையும் மீறிச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். சிரித்து முடித்துப் பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்துக் கையைக் குவித்தார். மருமகள் வெல்ல வேண்டும் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

“சரியப்பா,” என்றார். “நீ தந்தபடியே இருக்கட்டும்.”

இத்தனை வருடம் கும்பிட்டதில் அவர் அதை மனதாரச் சொன்னது அன்றைக்குத்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செல்வராசாவின் உவர் வயலுக்கு மோர் பிசைந்து கொடுக்கப் போனார்.